பொது மருத்துவ வார்டில் உங்கள் வழக்கத்தை மாற்ற வைத்த ஆய்வு எது?

உள்மருத்துவன் (இழையைத் தொடங்கியவர்)

போன வாரம் ரவுண்ட்ஸில் 78 வயதுப் பெரியவர் ஒருவரைப் பார்த்தேன். நிமோனியாவோடு வந்தவர். ஆறாம் நாள் காய்ச்சல் இல்லை, மூச்சு சீராக இருக்கிறது, ஆக்சிஜனையும் எடுத்தாயிற்று. "நாளைக்கு வீட்டுக்குப் போகலாம் ஐயா" என்றேன். அவர் மெதுவாக, "நிக்க முடியலையே டாக்டர்" என்றார். கட்டிலோரம் உட்கார வைத்துப் பார்த்தோம். இரண்டு கையையும் மெத்தையில் ஊன்றி எழுந்தார், முழங்கால் நடுங்கியது, அப்படியே உட்கார்ந்துவிட்டார். இவர் அட்மிஷன் அன்று தானாக நடந்து வந்தவர். ஆறு நாளும் கட்டிலின் பக்கக் கம்பி ஏற்றியே இருந்திருக்கிறது. இரண்டாம் நாளே எடுத்திருக்க வேண்டிய மூத்திரக் குழாய் அப்படியே இருந்தது. அதை எடுக்கச் சொல்லி எழுத வேண்டியவன் நான். எழுதவில்லை.

இரண்டு நாளாக அது மனதை அரிக்கிறது. அதனால்தான் இந்த இழை.

18 வருடமாகப் பொது மருத்துவத்தில் இருக்கிறேன். இந்தக் காலத்தில் வந்த ஆய்வுகளைத் திரும்பிப் பார்த்தால், நோயாளிக்கு நிஜமாகவே பலன் தந்த பலவும் புது மருந்தைப் பற்றியவை அல்ல. கையில் இருக்கும் மருந்தை எவ்வளவு சீக்கிரம் சரியான அளவுக்குக் கொண்டுபோவது, எப்போது நிறுத்துவது, ஆளை எப்போது கட்டிலை விட்டு இறக்குவது, வீட்டுக்குப் போன பிறகு யார் பார்ப்பது என்பதைப் பற்றியவை.

என்னை அதிகம் மாற்றியது 2022இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஸ்ட்ராங்-ஹெச்எஃப் என்ற ஆய்வு. இதயச் செயலிழப்பு முற்றி அட்மிட் ஆன 1,078 பேர், 14 நாடுகள். ஒரு குழுவுக்கு வழக்கமான கவனிப்பு. இன்னொரு குழுவுக்கு இதயச் செயலிழப்பு மருந்துகளை டிஸ்சார்ஜுக்கு முன்பே பாதி டோஸ், இரண்டு வாரத்தில் முழு டோஸ். டிஸ்சார்ஜ் ஆன பிறகு 1, 2, 3, 6ஆம் வாரங்களில் நேரில் வரவழைத்து பிபி, நாடி, பொட்டாசியம், சிறுநீரகச் செயல்பாடு, என்டி-ப்ரோபிஎன்பி (இதயத்தின் சுமையைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) எல்லாம் பார்த்தார்கள். 180 நாளில் இறப்பு அல்லது இதயச் செயலிழப்புக்காக மறு அட்மிஷன் என்று எடுத்துக்கொண்டால் வழக்கமான குழுவில் 23.3%, தீவிரக் குழுவில் 15.2%. கொடுத்ததெல்லாம் பல வருடமாகப் புழக்கத்தில் இருக்கும் மருந்துகள்தான். பலன் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வையே முன்கூட்டி முடித்தார்கள்.

அதுவரை நான் "குறைஞ்ச டோஸ்ல ஆரம்பிப்போம், மூணு மாசம் கழிச்சு ஏத்திக்கலாம்" என்று எழுதி அனுப்பிக்கொண்டிருந்தவன். அந்த மூன்று மாதத்துக்குள் எத்தனை பேர் மூச்சுத் திணறலோடு திரும்பி வந்தார்கள் என்று நான் எண்ணிப் பார்த்ததே இல்லை.

உங்களுக்கு எது? மருத்துவர்கள் மட்டுமல்ல, நர்ஸ், பிசியோ, மருந்தாளுநர், நோயாளி வீட்டார் எல்லோரும் எழுதுங்கள்.

---

அசைவு

பிசியோதெரபிஸ்ட். உங்கள் 78 வயதுப் பெரியவரை நான் தினமும் பார்க்கிறேன், பெயர்தான் வேறு.

2007இல் ஜாமா மருத்துவ இதழில் வந்த ஒரு சிறு ஆய்வு. நோயே இல்லாத, ஆரோக்கியமான முதியவர்கள் பத்துப் பன்னிரண்டு பேரைப் பத்து நாள் படுக்கையிலேயே வைத்திருந்தார்கள். கால்களில் மட்டும் ஏறக்குறைய 1 கிலோ தசை போய்விட்டது. ஆரோக்கியமானவருக்கே இந்தக் கதி என்றால், காய்ச்சலும் பசியின்மையும் சேர்ந்தவருக்கு என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

அதற்கான விடை 2019இல் ஸ்பெயினிலிருந்து வந்தது. 75 வயதுக்கு மேற்பட்ட 370 பேர், சராசரி வயது 87. தீவிர நோயோடு அட்மிட் ஆனவர்கள். ஒரு குழுவுக்கு அவரவர் தாங்கும் அளவுக்குத் தினமும் காலை, மாலை தலா 20 நிமிடம் கால் பலப் பயிற்சி, சமநிலைப் பயிற்சி, நடை. அன்றாட வேலைகளைத் தானே செய்யும் திறனை அளக்கும் பார்தெல் அளவையில் வழக்கமான குழு 5 புள்ளி இறங்கியது. பயிற்சிக் குழு 1.9 புள்ளி ஏறியது. வித்தியாசம் 6.9.

87 வயதில் ஆஸ்பத்திரியில் படுத்து, வந்ததைவிட நன்றாக எழுந்து போகிறார்கள். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

---

இரவுப்பணி

டாக்டர், மூத்திரக் குழாயை மறந்ததா எழுதியிருக்கீங்க. ஒளிக்காம எழுதினதுக்கு நன்றி. ஆனா அதை ஞாபகப்படுத்த வேண்டியது நாங்களும்தான். எங்க வார்டுல ஒவ்வொரு ஷிஃப்ட் மாறும்போதும் "குழாய் எதுக்கு இன்னும் இருக்கு?"ன்னு வாய்விட்டுக் கேக்கற பழக்கத்தைக் கொண்டுவந்தோம். காரணம் சொல்ல முடியலன்னா உடனே டாக்டருக்கு ஃபோன்.

அசைவு சார் சொல்றது எல்லாம் சரி. ஆனா நடக்க வைக்கறது யாரு? ராத்திரி நான் ஒரு ஆளா எத்தனை கட்டிலைப் பாப்பேன்? ஒருத்தர் கீழ விழுந்துட்டா கேள்வி எங்களைத்தான் கேப்பாங்க. அந்தப் பயத்துலதான் பக்கக் கம்பி ஏறுது. ஆறு நாள் படுக்கவச்சு கால் தளந்துபோனதுக்கு யாரும் யாரையும் கேள்வி கேக்கறதில்ல. இதையும் ஆய்வு பண்றவங்க கணக்குல எடுத்துக்கணும்.

பெரியவங்களுக்கு வர்ற திடீர் மனக்குழப்பம் பத்தியும் சொல்லணும். 1999லயே ஒரு ஆய்வு வந்தது. 70 வயசுக்கு மேல 852 பேர். மருந்து எதுவும் இல்ல. ராத்திரி தூங்க விடறது, கண்ணாடியும் காது மெஷினும் கையில குடுக்கறது, தண்ணி குடிக்க வைக்கறது, எழுந்து நடக்க வைக்கறது, இன்னிக்கு என்ன தேதின்னு பேச்சுக் குடுக்கறது. குழப்பம் வந்தது வழக்கமான கவனிப்புல 15.0%, இந்தக் கவனிப்புல 9.9%. ஆனா ஒரு தடவை வந்துட்டா அதோட தீவிரத்தைக் குறைக்க முடியலன்னும் அதே ஆய்வு சொல்லுது. அதனால முதல் ராத்திரியே ஆரம்பிக்கணும். நான் டியூட்டிக்கு வந்ததும் முதல்ல கேக்கறது "தாத்தாவோட கண்ணாடி எங்க?"ன்னுதான். பாதி நேரம் அது வீட்டுல இருக்கும், இல்ல பையோட அடியில துணிக்குள்ள இருக்கும்.

---

முதுநிலை_இரண்டாமாண்டு

சார், மரியாதையோடு ஒரு மாற்றுக் கருத்து. புது மருந்துகளைக் கொஞ்சம் குறைத்து மதிப்பிடுகிறீர்களோ?

எஸ்ஜிஎல்டி2 தடுப்பான்களை எடுத்துக்கொள்ளுங்கள். சர்க்கரைக்கு வந்த மருந்து. 2019இல் டாபா-ஹெச்எஃப் ஆய்வு: 4,744 இதயச் செயலிழப்பு நோயாளிகள், இதயச் செயலிழப்பு மோசமாவது அல்லது இதயநோய் மரணம் 21.2%இலிருந்து 16.3%ஆகக் குறைந்தது, சர்க்கரை இல்லாதவர்களுக்கும்தான். 2020இல் டாபா-சிகேடி, சிறுநீரக நோயில்: நோய் மோசமாவது அல்லது சிறுநீரக, இதயநோய் மரணம் மருந்தில்லாத குழுவில் 14.5%, மருந்துக் குழுவில் 9.2%. 2021இல் எம்பரர்-ப்ரிசர்வ்ட்: அதுவரை எந்த மருந்தும் உருப்படியாக வேலை செய்யாத, இதயத்தின் அழுத்தும் திறன் குறையாத வகை இதயச் செயலிழப்பிலும் இதயநோய் மரணம் அல்லது இதயச் செயலிழப்புக்காக அட்மிஷன் 17.1%க்கு எதிராக 13.8%. ஒரே மாத்திரை, தினமும் ஒரு வேளை, டோஸ் ஏற்றும் வேலையே கிடையாது. எங்கள் யூனிட்டில் இதைவிடப் பெரிய மாற்றம் எதையும் நான் பார்க்கவில்லை.

---

உள்மருத்துவன்

நியாயம், தம்பி. ஒத்துக்கொள்கிறேன். அந்த மருந்துகள் வந்த பிறகு சிறுநீரக நோயாளிகளிடம் என் பேச்சே மாறிவிட்டது. முன்பெல்லாம் பிபியைக் கட்டுப்படுத்துவதற்கு மேல் சொல்ல அதிகம் இருக்காது.

ஆனால் உங்கள் யூனிட்டில் தகுதியுள்ள நோயாளிகளில் எத்தனை பேர் டிஸ்சார்ஜ் சீட்டில் அந்த மாத்திரை இருக்கிறது என்று ஒரு வாரம் எண்ணிப் பாருங்கள். நான் எண்ணினேன். எண்ணி முடித்த பிறகுதான் ஸ்ட்ராங்-ஹெச்எஃப் எதற்கு என்று முழுதாகப் புரிந்தது.

---

எண்களின்_நண்பன்

நான் புள்ளியியல் பக்கம். எல்லோரும் இரு குழுக்களின் நேரடி சதவீதங்களைப் போடுவது நல்ல பழக்கம். "26% குறைந்தது" என்று மட்டும் சொன்னால் ஏமாந்துபோவோம். டாபா-ஹெச்எஃப்பில் 21.2இலிருந்து 16.3 என்றால் வித்தியாசம் 4.9. அதாவது சுமார் ஒன்றரை வருடம் 21 பேருக்குக் கொடுத்தால் ஒருவருக்கு ஒரு மோசமான நிகழ்வு தவிர்கிறது. ஸ்ட்ராங்-ஹெச்எஃப்பில் வித்தியாசம் 8.1, ஆறு மாதத்தில் 12 அல்லது 13 பேருக்கு ஒருவர்.

அதே ஸ்ட்ராங்-ஹெச்எஃப்பைப் பற்றி இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று, யார் எந்தக் குழு என்று எல்லோருக்கும் தெரியும். அட்மிட் செய்யலாமா என்று முடிவெடுக்கும் மருத்துவருக்கும் தெரியும். மறு அட்மிஷன் மாதிரி மனித முடிவில் நிற்கும் அளவுகோலில் இது பாதிக்கும். இரண்டு, பாதியில் நிறுத்திய ஆய்வுகள் பலனைச் சற்றுக் கூட்டிக் காட்டுவது வழக்கம். திசையை நம்புகிறேன், அளவை அப்படியே நம்ப மாட்டேன்.

மூன்றாவதாக ஒன்று, இழைக்குக் கொஞ்சம் வெளியே என்றாலும். அடிக்கடி அட்மிட் ஆகும் நோயாளிகளுக்காக அமெரிக்காவின் கேம்டனில் ஒரு திட்டம் இருந்தது. நர்ஸ், சமூகப் பணியாளர் கொண்ட குழு வீட்டுக்கே போய்ப் பார்க்கும். சேர்ந்தவர்களின் மறு அட்மிஷன் முன்பைவிட 38% குறைந்திருந்தது. குலுக்கல் முறையில் 800 பேரை இரண்டாகப் பிரித்த ஆய்வு 2020இல் வந்தது. 180 நாளில் மறு அட்மிஷன் திட்டக் குழுவில் 62.3%, மற்றதில் 61.7%. திட்டமே இல்லாத குழுவிலும் அதே மாதிரிதான் குறைந்திருந்தது. மிக மோசமான கட்டத்தில் இருப்பவரைத் தேர்ந்தெடுத்தால், சும்மா விட்டாலும் அடுத்த ஆறு மாதம் கொஞ்சம் மேலாகத்தான் இருக்கும். ஒப்பிட ஒரு குழு இல்லாமல் "எங்கள் வார்டில் குறைந்துவிட்டது" என்று யாராவது சொன்னால், எனக்கு இந்த ஆய்வுதான் ஞாபகம் வரும்.

---

இரவுப்பணி

அப்ப எங்க குழாய்க் கேள்வியையும் நம்ப மாட்டீங்களா சார்? 🙂

---

எண்களின்_நண்பன்

நம்புகிறேன் சிஸ்டர். தேவையில்லாத குழாயை எடுப்பதால் யாருக்கும் நஷ்டமில்லை, தொற்று எப்படி ஏறுகிறது என்பதும் தெரிந்ததே. நஷ்டமில்லாத காரியத்துக்கு நான் கேட்கும் ஆதாரம் குறைவு.

---

உள்மருத்துவன்

எண்களின்_நண்பன் சொன்ன நேரடி சதவீதப் பேச்சிலிருந்தே ஆன்டிபயாடிக் நாட்கணக்குக்கு வருகிறேன். இது எனக்கு நெருக்கமான விஷயம்.

நான் படித்த காலத்தில் இரத்தத்தில் கிருமி வளர்ந்தால் 14 நாள். ஏன் 14 என்று கேட்டால் யாரிடமும் பதில் இருக்காது. 2024 நவம்பரில் பேலன்ஸ் ஆய்வு வந்தது. 7 நாடுகள், 74 ஆஸ்பத்திரிகள், 3,608 பேர், பாதிக்கு மேற்பட்டவர்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தவர்கள். 90 நாளில் இறப்பு: 7 நாள் குழுவில் 14.5%, 14 நாள் குழுவில் 16.1%. ஏழு நாள் மோசமில்லை என்பது உறுதியாகிவிட்டது.

யாரைச் சேர்க்கவில்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். ஸ்டேஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி வளர்ந்தவர்கள் இல்லை. நோயெதிர்ப்பு கடுமையாகக் குறைந்தவர்கள் இல்லை. இதய வால்வுத் தொற்று, எலும்புத் தொற்று மாதிரி நீண்ட சிகிச்சை தேவைப்படுபவர்கள் இல்லை. சீழ்க்கட்டி வடிக்கப்படாமல் உள்ளே இருந்தால் இந்த எண்ணைக் காட்டி ஏழாம் நாள் நிறுத்தக் கூடாது.

நிமோனியாவுக்கும் அப்படித்தான். 2021இல் பிரான்சில், மிதமான தீவிரத்தோடு அட்மிட் ஆகி மூன்றாம் நாளுக்குள் நிலைப்பட்டவர்களுக்கு அங்கேயே மருந்தை நிறுத்தினார்கள். 15ஆம் நாள் குணமானவர்கள் 77%. எட்டு நாள் மருந்து எடுத்த குழுவில் 68%. அந்த 78 வயதுப் பெரியவருக்கு நான் ஆறாம் நாளும் நரம்பு வழியே ஊசி ஓட்டிக்கொண்டிருந்தேன். அந்த ட்ரிப் ஸ்டாண்டும் அவரைக் கட்டிலோடு கட்டிப்போட்டதில் ஒரு பங்கு.

---

முதுநிலை_இரண்டாமாண்டு

நிமோனியா என்றதும் கேட்கிறேன் சார். ஸ்டீராய்டு கொடுக்கலாமா, கூடாதா? 2023இல் கேப் காட் ஆய்வு, கடுமையான நிமோனியாவில் ஹைட்ரோகார்ட்டிசோன் தினம் 200 மி.கி. கொடுத்து 28 நாள் இறப்பை 11.9%இலிருந்து 6.2%ஆகக் குறைத்தது. அதற்கு முந்தைய வருடம் மெத்தில்பிரெட்னிசலோன் கொடுத்த எஸ்கேப் ஆய்வில் 60 நாள் இறப்பு 16%, மற்றதில் 18%, உறுதியான வித்தியாசம் இல்லை. இரண்டில் எதைப் பின்பற்றுவது?

---

உள்மருத்துவன்

கேப் காட்டில் சேர்த்தது உண்மையிலேயே கடுமையான நிமோனியா, அதுவும் 24 மணி நேரத்துக்குள் ஸ்டீராய்டு தொடக்கம். இன்ஃபுளூயன்சாவையும், தொடக்கத்திலேயே செப்டிக் ஷாக்கில் (தொற்றால் பிபி ஆபத்தாக இறங்கிய நிலையில்) இருந்தவர்களையும் விலக்கினார்கள். எஸ்கேப் வேறு மருந்து, இன்னும் கொஞ்சம் தாமதமான தொடக்கம், எதிர்பார்த்த எண்ணிக்கைக்கு ஆள் சேரவில்லை. நான் தீவிர சிகிச்சைக்குப் போகும் நிலையில் இருப்பவருக்கு, இன்ஃபுளூயன்சா இல்லையென்றால், சீக்கிரமே கொடுக்கிறேன். சாதாரண வார்டு நிமோனியாவுக்குக் கொடுப்பதில்லை. கோவிட் காலத்து ரெக்கவரி ஆய்வும் இதே பாடத்தைத்தான் சொன்னது: வென்டிலேட்டரில் இருந்தவர்களுக்கு டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு இறப்பை 41.4%இலிருந்து 29.3%ஆகக் குறைத்தது, ஆக்சிஜனே தேவைப்படாதவர்களுக்குப் பலன் இல்லை. யாருக்கு என்ற கேள்வியை விட்டுவிட்டு மருந்தின் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு வரக் கூடாது.

---

மகள்_கேட்கிறேன்

வணக்கம். நான் மருத்துவத்துறை இல்லை. ஒரு வாரமாக இந்த இழையைப் படித்துக்கொண்டிருக்கிறேன். எழுதலாமா என்று தயக்கமாக இருந்தது.

அப்பாவுக்கு இதயச் செயலிழப்பு. ஒன்பது நாள் முன்னால் டிஸ்சார்ஜ். சீட்டில் ஏழு மருந்துகள். "ஒரு மாதம் கழித்து வரவும்" என்று எழுதியிருக்கிறது. ஸ்ட்ராங்-ஹெச்எஃப்பில் முதல் வாரத்திலேயே பார்த்தார்கள் என்று படித்ததும் பயமாகிவிட்டது. அப்பாவுக்கு இரத்தப் பரிசோதனைக்குத் தேதியே சொல்லவில்லை. தினமும் எடை பார்க்கச் சொன்னார்கள், எவ்வளவு கூடினால் கூப்பிட வேண்டும் என்று சொல்லவில்லை. நேற்றிலிருந்து ஒரு சந்தேகம் வேறு: பழைய மாத்திரை அட்டையும் புதிய அட்டையும் பெயர் வேறு, ஆனால் அடியில் சின்ன எழுத்தில் ஒரே மருந்து மாதிரி தெரிகிறது. இரண்டையும் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

---

மாத்திரைக்கணக்கு

அம்மா, நான் மருந்தாளுநர். கடைசியாகச் சொன்னதுதான் முதல் வேலை. இரண்டு அட்டையையும் எடுத்துக்கொண்டு இன்றே உங்கள் மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ நேரில் காட்டுங்கள். கம்பெனி வைக்கும் பெயர் பெரிதாகவும் மருந்தின் பெயர் அதற்குக் கீழே சிறிதாகவும் இருக்கும். அந்தச் சிறிய பெயரைத்தான் ஒப்பிட வேண்டும். ஆஸ்பத்திரியில் ஒரு கம்பெனி மருந்து, வீட்டில் முன்பே வாங்கிய இன்னொரு கம்பெனி மருந்து, இரண்டும் சேர்ந்து இரட்டை டோஸ் ஆவதை நான் வாரத்துக்கு ஒரு முறையாவது பார்க்கிறேன். இதில் உங்கள் தவறு எதுவும் இல்லை. "பழையதில் எதை நிறுத்த வேண்டும்" என்று சீட்டில் ஒரு வரி எழுதியிருக்க வேண்டும்.

---

உள்மருத்துவன்

மாத்திரைக்கணக்கு சொன்னதை இன்றே செய்யுங்கள் அம்மா. எழுந்ததும் தலைசுற்றல், மயக்கம், மிகக் குறைந்த பிபி, சிறுநீர் குறைவது, இதில் எது இருந்தாலும் நேராக ஆஸ்பத்திரி. நீங்களாக எந்த டோஸையும் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம், நான் இங்கே எழுதியதைப் பார்த்தும் வேண்டாம். அந்த ஆய்விலேயே பிபி 95க்குக் கீழே போனாலோ பொட்டாசியம் 5.0ஐத் தாண்டினாலோ டோஸை ஏற்றவில்லை. பரிசோதனை இல்லாமல் வேகம் கிடையாது.

எடைக்கு: தினமும் காலையில் சிறுநீர் கழித்த பின், சாப்பிடும் முன், ஒரே மாதிரி உடையில். மூன்று நாளில் 2 கிலோவுக்கு மேல் கூடினால் கூப்பிட வேண்டும். கால் வீக்கம், படுத்தால் மூச்சு முட்டுவது இருந்தால் எடையைப் பார்த்துக் காத்திருக்க வேண்டாம்.

உங்கள் மருத்துவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். "கிரியாட்டினினும் பொட்டாசியமும் எப்போது பார்க்க வேண்டும்?", "அடுத்த வாரமே ஒரு முறை காட்டலாமா?" யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கேட்டது நல்லது என்றுதான் நினைப்பார்கள்.

---

அசைவு

அப்பா வீட்டில் நடக்கிறாரா? மருத்துவர் வேண்டாம் என்று சொல்லாதவரை, நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவதை நாளுக்குச் சில முறை, நீங்கள் பக்கத்தில் நின்றுகொண்டு செய்யச் சொல்லுங்கள். பேச முடியாத அளவுக்கு மூச்சு வாங்கினால் நிறுத்திவிடுங்கள். சாப்பாட்டையும் கவனியுங்கள். 2019இல் சுவிட்சர்லாந்தில் 2,088 உள்நோயாளிகளிடம், ஊட்டக்குறைவு அபாயம் உள்ளவர்களுக்குத் தனித்தனியாகக் கலோரியும் புரதமும் கணக்கிட்டுக் கொடுத்ததில் 30 நாள் இறப்பு 10%இலிருந்து 7%ஆகக் குறைந்தது. வார்டில் பாதித் தட்டு அப்படியே திரும்பிப் போவதைச் சாதாரணமாகப் பார்த்துப் பழகிவிட்டோம்.

---

மகள்_கேட்கிறேன்

போய்க் காட்டிவிட்டு வந்தேன். ஒரே மருந்துதான். ஒன்றை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். இரத்தப் பரிசோதனையும் இன்றே எடுத்தார்கள், பொட்டாசியம் 5.4. இரண்டு நாளில் மறுபடி பார்க்க வேண்டுமாம், அடுத்த வாரம் நேரில் வரச் சொன்னார்கள். உங்கள் எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

இன்னும் ஒன்று கேட்கலாமா? அப்பாவுக்கு உப்பு குறைக்கச் சொன்னதால், இதய நோயாளிக்கு நல்லது என்று யாரோ சொல்லி, சோடியம் குறைந்த உப்பு வாங்கி வைத்திருக்கிறேன். அது பரவாயில்லையா?

---

மாத்திரைக்கணக்கு

அந்தப் பாக்கெட்டைத் திருப்பி, பின்பக்கம் பாருங்கள் அம்மா. பொட்டாசியம் குளோரைடு என்று இருந்தால் இன்றோடு நிறுத்திவிடுங்கள். சோடியத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பொட்டாசியத்தைத்தான் வைக்கிறார்கள். மற்றவர்களுக்கு அது நல்லதாகவே இருக்கலாம். அப்பா சாப்பிடும் இதய மருந்துகளில் சில, பொட்டாசியத்தை உடம்பிலேயே தேக்கி வைப்பவை. சாதாரண உப்பையே அளவாகப் போடுங்கள். பாக்கெட்டை ஃபோட்டோ எடுத்து அடுத்த வாரம் மருத்துவரிடம் காட்டுங்கள், 5.4க்கு அதுவும் ஒரு காரணமா என்று அவர் பார்க்கட்டும்.

---

மகள்_கேட்கிறேன்

பார்த்தேன். இருக்கிறது. எடுத்து வைத்துவிட்டேன்.